தெருவில் நின்று வரைய முடியாத ஊர்

ஒல்லாந்தின் டெல்ஃப்ட் நகரில் யொஹானஸ் வெர்மீர் என்ற ஓவியர் ஒரு தெருவை வரைந்தார். 1658 அளவில் வரைந்திருக்கலாம் என்பது ஆய்வாளர் கணிப்பு. செங்கல் வீடு ஒன்று. திறந்த வாசலில் ஒரு பெண் குனிந்து தையல் வேலையில் இருக்கிறாள். வெளியே பிள்ளைகள் இருவர் நிலத்தில் குந்தி விளையாட்டில் மூழ்கிப்போயிருக்கிறார்கள். பக்கத்து நடையில் இன்னொருத்தி தொட்டியடியில் வேலையாக நிற்கிறாள். 'சிறு தெரு' என்று பெயர்பெற்ற அந்தப் படத்தின் உயரம் 54 சென்ரிமீற்றர்தான். ஸ்பெயினுடன் எண்பது ஆண்டு நடந்த போர் ஓய்ந்து பத்தாண்டுதான் ஆகியிருந்தது. 1654 ஒக்டோபர் 12 அன்று நகரின் வெடிமருந்துக் கிடங்கு வெடித்து ஒரு பகுதியையே தரைமட்டமாக்கி நாலு வருடம் ஆகியிருந்தது. இரண்டின் சுவடும் படத்தில் இல்லை. சுவரில் சில கீறல், வெடிப்பு, பூச்சு உதிர்ந்த இடம், அவ்வளவோடு சரி.

அதே 1658இன் ஜூன் மாதத்தில், மூன்று மாதத்துக்கும் மேலான முற்றுகைக்குப் பின், அதே ஒல்லாந்தர் யாழ்ப்பாணக் கோட்டையைப் போர்த்துக்கேயரிடமிருந்து பிடித்தார்கள். நெடுந்தீவுக்கு டெல்ஃப்ட் என்று பெயர் வைத்தார்கள். போர்த்துக்கேயர் தொடக்கிவைத்த தோம்பு என்ற காணிப் பதிவேட்டை விரித்து, காணி காணியாக, ஆள் ஆளாகப் பதிந்தார்கள். அவர்களோடு வந்த பாதிரியார் பல்தேயு 1672இல் அம்ஸ்ரர்டாமில் அச்சிட்ட பெரும் நூலில் தெல்லிப்பழை, மல்லாகம், வட்டுக்கோட்டை முதலிய ஊர்களின் செதுக்குப் படங்கள் உண்டு. குடாநாட்டு ஊர்களைப் பற்றி அச்சில் வந்த மிகப் பழைய படங்களில் அவை சேரும். அவற்றில் தேவாலயந்தான் பெரிது. ஊரும் தெருவும் அதற்கு அரங்கு மட்டுமே. ஆக, தன் ஊர்த் தெருவை ஓவியமாகப் பார்த்த ஒரு சமூகம், இந்த ஊர்த் தெருவைக் கணக்கேடாகப் பார்த்தது. இந்த வேறுபாட்டை வாசகர் மனதில் வைத்திருப்பது நல்லது. முன்னூற்றைம்பது ஆண்டு கழித்து ஒரு யாழ்ப்பாணத்து ஓவியர் அந்தக் கணக்கேட்டையே எடுத்துத் தலைகீழாக்கப்போகிறார்.

முப்பது ஆண்டு போரைக் கண்ட குடாநாட்டில், போருக்குப் பிந்திய தெருவை யார் வரைந்தார்கள்? கவிதையில் கேட்டால் 'மரணத்துள் வாழ்வோம்' (1985) தொகுப்பு முதல் அடுக்கடுக்காக நூல்களை எடுத்து வைக்கலாம். சிறுகதையிலும் நாடகத்திலும் யாழ்ப்பாணத்துத் தெரு தாராளமாக வருகிறது. ஓவியத்தில் தேடினால் கிடைப்பவை வேறு: வீட்டின் நிலப்படம், வேலி, வரைபடமாக மாறிய உடம்பு, போத்தலில் அடைத்த பொருள்கள். தெரு நடுவில் நின்று, இரு கரையையும் பார்த்து, தூரத்தில் கோடுகள் ஒடுங்கும்படி வரைந்த படம் அரிது. திறமை இல்லாமல் அப்படி ஆகவில்லை. தெருவை வரைய வேண்டுமானால் ஒருவர் அந்தத் தெருவில் ஒரு மணி நேரமாவது சும்மா நிற்க வேண்டும். யாழ்ப்பாணத்தில் அது நீண்ட காலம் நடக்கக்கூடிய காரியமாக இருக்கவில்லை.

ஐரோப்பாவில் அப்படி நின்று வரைந்தவர்களின் வரிசை நீளமானது. டெல்ஃப்ட் வெடிப்பின் பின் எக்பெர்ட் வான் டெர் பூல் என்பவர் அந்த இடிபாட்டையே திரும்பத் திரும்ப வரைந்தார். சில படங்களில் வெடித்த திகதியையும் எழுதிவைத்தார். வெர்மீர் மௌனமாக விட்டதை அவர் அலுக்காமல் சொல்லிக்கொண்டிருந்தார் எனலாம். 1760இல் பிரஷ்ய பீரங்கிகள் டிரெஸ்டன் நகரைச் சிதைத்தன. ஐந்து ஆண்டின் பின் பெர்னார்டோ பெல்லொட்டோ அங்கிருந்த திருச்சிலுவை ஆலயத்தின் இடிபாட்டை வரைந்தார். பாதி நிற்கும் கோபுரத்தில் ஏணி சாத்தி ஏறியவர்கள் கல்லைக் கழற்றுகிறார்கள், கீழே ஊர்ச் சனம் நின்று பார்க்கிறது. அழிவும் வேலையும் வேடிக்கையும் ஒரே சட்டத்துக்குள் வருகின்றன. இதே பெல்லொட்டோ 1770களில் வார்சோ நகரத் தெருக்களையும் சன்னல் சன்னலாக வரைந்துவைத்தார். இரண்டாம் உலகப் போரில் வார்சோ நொறுக்கப்பட்ட பின், மீளக் கட்டியவர்கள் அந்தப் படங்களையும் சான்றாக மேசையில் விரித்துக்கொண்டார்கள். 1980இல் அந்த மீள்கட்டிய பழைய நகரமே யுனெஸ்கோவின் உலக மரபுரிமைப் பட்டியலில் ஏறியது.

1945 பெப்ரவரியில் டிரெஸ்டன் மறுபடி எரிந்தபோது வில்ஹெல்ம் றுடோல்ஃப் என்ற ஓவியர் தம் வீட்டையும் படைப்புகளையும் இழந்தார். இழந்த கையோடு நாணல் பேனாவும் மையும் எடுத்துத் தெருத் தெருவாகப் போய் 150 படங்கள் வரைந்தார். அவருக்கு வாய்த்த ஒன்று இங்கே கவனிக்க வேண்டியது: குண்டு போட்டவர்கள் போய்விட்டார்கள், அவர் தெருவில் நிற்கலாம்.

யாழ்ப்பாணத்தில் கை பழகிய ஓவியர்கள் இருந்தார்கள். 1920இல் இலங்கைக்கு வந்த சித்திரக் கல்விப் பரிசோதகர் சீ. எஃப். வின்சர் நவீன ஓவியத்தின் காற்றைக் கொண்டுவந்தார். அவர் பெயரிலேயே எஸ். ஆர். கனகசபை முதலியோர் 1938இல் யாழ்ப்பாணத்தில் வின்சர் சித்திரக் கழகத்தை நடத்தத் தொடங்கினர். சித்திர ஆசிரியர்களின் கழகம் அது. பள்ளிக்கூட வகுப்பறைக்கு வெளியே ஓவியம் என்று ஒன்று உண்டு என்பதை ஊருக்குச் சொன்ன முதல் கூட்டம் அவர்களாகத்தான் இருக்க வேண்டும்.

அடுத்த தலைமுறையில் இரண்டு பெயர்கள் எதிரெதிரே நிற்கின்றன. அச்சுவேலியில் பிறந்த ஆசை இராசையா (1946–2020) இயற்பண்பு ஓவியர். பனை, வெளி, வெயில், முகம் எல்லாவற்றையும் கண் கண்டபடி பிடிக்கும் நிதானம் அவருடையது. குருநகரில் பிறந்த அ. மாற்கு (1933–2000) நேர் எதிர்: ஒரே பாணியில் தங்காதவர், எந்த ஊடகத்தையும் சோதித்துப் பார்ப்பவர், எல்லாவற்றுக்கும் மேலாக ஆசிரியர். அவரைப் பற்றி 1987இல் வெளிவந்த 'தேடலும் படைப்புலகமும்' என்ற நூல் ஒரு யாழ்ப்பாண ஓவியரைச் சுற்றி எழுந்த அரிய முயற்சி. அவரிடம் பயின்றவர்களில் ஒருவர்தான் ஓவியரும் கவிஞருமான நிலாந்தன். மாற்கு மாஸ்டரின் படங்களுக்கு நடந்தது ஊருக்கு நடந்ததே. இடப்பெயர்வுகளில் பல தொலைந்தன, பல அழிந்தன. போர்க்கால ஓவியத்தைப் பற்றி எழுதுகிறவர்கள் வரையப்படாத படங்களைப் பற்றியே கவலைப்படுகிறார்கள். வரைந்து தொலைந்தவற்றையும் சேர்த்தால்தான் கணக்குச் சரிவரும்.

இனி அந்தத் தெருவின் மௌனத்துக்கு வருவோம். யாழ்ப்பாணத் தெருவின் வெறுமை ஒரே வெறுமை அல்ல. ஊரடங்குத் தெரு ஒருவிதம்: கதவுக்குப் பின்னால் ஆள்கள் இருக்கிறார்கள், தெருவில் இல்லை. குண்டுவீச்சு விமானம் வரும் நேரத்துத் தெரு இன்னொன்று: சனம் பங்கருக்குள். இடப்பெயர்வுத் தெரு வேறு: வீட்டுக்குள்ளும் ஆள் இல்லை. உயர் பாதுகாப்பு வலயத்துத் தெருவில் ஆள் உண்டு, ஊரவர் இல்லை. போர் முடிந்த பின் வந்தது ஐந்தாவது: வெளிநாட்டுக் காசில் மதில் கட்டி, கேற்றைப் பூட்டிவிட்டு, ரொறன்ரோவிலும் லண்டனிலும் இருக்கிறவர்களின் தெரு. 1981இல் இன்றைய யாழ் மாவட்ட எல்லைக்குள் 7 லட்சத்துக்கும் மேற்பட்டோர் இருந்தார்கள். 2012 குடிசன மதிப்பீட்டில் ஏறக்குறைய 5 லட்சத்து 83 ஆயிரம் பேர். ஒரு நாட்டின் சனத்தொகை முப்பது ஆண்டில் கூட, ஒரு மாவட்டத்தில் குறைந்திருக்கிறது. ஒரு ஓவியர் 'அமைதியான தெரு' என்று தலைப்பிட்டால் எந்த அமைதி என்று கேட்கும் உரிமை இந்த ஊர்க்காரருக்கு உண்டு.

இந்த ஐந்திலும் எதையாவது தெருவில் நின்று வரைந்திருக்கலாமா? 1990களின் முதற் பாதியை எடுத்துக்கொள்ளுங்கள். மின்சாரம் இல்லை. பொருளாதாரத் தடையால் எரிபொருள், பற்றரி, சீமெந்து, இரும்பு எதுவும் ஒழுங்காக வராது. இரவு வெளிச்சம் என்றால் ஜாம் போத்தலுக்குள் பஞ்சு வைத்து, கொஞ்ச மண்ணெண்ணெய் விட்டு ஏற்றும் விளக்கு. வானொலி கேட்கச் சைக்கிளைக் கவிழ்த்து வைத்து டைனமோவைச் சுற்ற வேண்டும். பத்திரிகைகள் அச்சுத்தாள் கிடைக்காமல் பள்ளிக் கொப்பித் தாளில் கோட்டுக்கு மேலேயே அச்சிட்டு வந்தன. அந்தத் தாளைப் பார்த்தவர்களுக்கு, ஓவியத் தாளும் வர்ணமும் எந்த நிலையில் இருந்திருக்கும் என்பதை விளக்க வேண்டியதில்லை.

1996க்குப் பிறகு தாளும் வர்ணமும் வந்தன. கூடவே சென்றிகளும் வந்தன. சந்திக்குச் சந்தி மண்மூட்டை, பனங்குற்றி, தகரப் பீப்பாய், அவற்றுக்குப் பின்னால் துவக்கு. அடையாள அட்டையைக் கையில் பிடித்தபடி சைக்கிளை உருட்டிப் போகும் தெருவில் ஒருவர் முக்காலியைப் போட்டு உட்கார்ந்து, எதிரே உள்ளதைத் தாளில் கோடு கோடாக இழுத்தால் என்ன நடந்திருக்கும்? சந்தியின் படம் என்பது சென்றியின் படமுந்தான். கமராவைத் தூக்கவே பயந்த இடத்தில் பென்சிலுக்கு மட்டும் சலுகை கிடையாது.

இதில் மிகக் கொடிய முரண் 1995இல் இருக்கிறது. ஒக்டோபர் 17 அன்று இராணுவத்தின் 'ரிவிரச' படை நடவடிக்கை தொடங்கியது. 30ஆம் திகதி இரவு வலிகாமம் முழுவதும் தெருவுக்கு இறங்கியது. 4 லட்சத்துக்கும் மேற்பட்டோர் செம்மணி வெளியாலும் நாவற்குழிப் பாலத்தாலும் தென்மராட்சிப் பக்கம் நகர்ந்தார்கள். மழை, இருட்டு, ஓரடி நகர ஒரு யுகம். குடாநாட்டின் வரலாற்றில் ஒரு தெரு அவ்வளவு நிரம்பியது அன்றைக்குத்தான். அதற்கு அடுத்த நாள்களில் யாழ்ப்பாண நகரத் தெருக்கள் வெறிச்சோடியதுபோல் முன்போ பின்போ வெறிச்சோடியதில்லை. டிசம்பர் 5 அன்று அந்த நகரத்தில் சிங்கக் கொடி ஏறியது. 1996 ஏப்ரலுக்குப் பிறகே சனம் திரும்பத் தொடங்கியது. இடைப்பட்ட மாதங்களில் ஆஸ்பத்திரி வீதியும் கஸ்தூரியார் வீதியும் ஸ்ரான்லி வீதியும் எப்படிக் கிடந்தன என்பதைப் பார்க்க, போகமாட்டாமல் தங்கிய சில முதியவர்களைத் தவிர, ஊரவர் எவரும் இல்லை. அந்தத் தெருவை வரையக்கூடிய கைகள் சாவகச்சேரியிலும் வன்னியிலும் மரத்தடியில் இருந்தன. ஆகவே யாழ்ப்பாணத்தின் மிக அமைதியான தெரு, அந்த ஊர் ஓவியன் காணாத தெரு.

காணாததை எப்படி வரைவது? இங்கேதான் தா. சனாதனன் வருகிறார்.

யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் ஓவியமும் கலை வரலாறும் கற்பிக்கும் சனாதனன், டில்லியில் பயின்றவர். 2004இல், எரிந்து மீளக் கட்டப்பட்ட யாழ்ப்பாணப் பொது நூலகத்தில் 'அகம் புறம்' என்ற கண்காட்சி நடந்தது. 1981 மே 31 இரவு வைத்த நெருப்பில் சுமார் 97,000 நூல்களை இழந்த அதே கட்டடம். அங்கே அவர் யாழ்ப்பாணத்து வீடுகளிலிருந்து திரட்டிய சின்னச் சின்னப் பொருள்களை அடுக்கி, நூல்கள் இருந்த இடத்தில் வீடுகளின் நினைவை வைத்தார். தெருவிலிருந்து பார்க்க முடியாததை வீட்டுக்குள்ளிருந்து எடுத்துவந்த முதல் முயற்சி அது.

2011இல் 'முற்றுப்பெறாத தோம்பு' வந்தது. ஷர்மினி பெரேராவின் ரேக்கிங் லீவ்ஸ் பதிப்பகம் அதை ஒரு அலுவலகக் கோப்பின் சாயலில் வெளியிட்டது. இடம்பெயர்ந்த 80 பேர் தாங்கள் இழந்த வீட்டின் நிலப்படத்தை ஞாபகத்திலிருந்து வரைந்து கொடுத்திருக்கிறார்கள். அந்தக் கைக்கோட்டுப் படத்தைக் கட்டடக் கலைஞரின் முறைப்படி ஒழுங்காக வரைந்த படம் தொடர்கிறது. அதன் பின் சனாதனனின் உலர் வர்ணக்கட்டி ஓவியம். கூடவே வீட்டுக்காரரின் சிறு கதை. ஒரே வீடு மூன்று கைகளில் மூன்று விதமாகிறது.

அந்த அடுக்கை ஒரு கணம் நிறுத்திப் பார்க்க வேண்டும். வீட்டுக்காரர் வரையும் கோட்டில் அளவு கிடையாது. குசினி பெரிதாகிவிடும், விறாந்தை ஒடுங்கிவிடும். கிணறு தன் இடத்தில் அசையாமல் இருக்கும். யாழ்ப்பாணத்தார் ஒருவரிடம் தாளையும் பேனாவையும் கொடுத்து உங்கள் வீட்டைக் கீறுங்கள் என்றால், அவர் பெரும்பாலும் முன்பக்கத் தோற்றத்தைக் கீறமாட்டார். மேலிருந்து பார்ப்பதுபோல் சதுரம் போட்டு, படலை இங்கே, கிணற்றடி இங்கே, மாமரம் இங்கே என்று தொடங்குவார். கட்டடக் கலைஞரின் கோடு வந்து அந்தப் பிழைகளைத் திருத்துகிறது. திருத்தும்போதே எதையோ எடுத்தும் விடுகிறது. ஒழுங்கான வரைபடத்தில் அந்த வீடு யாருடையதாகவும் இருக்கலாம். மூன்றாவதாக வரும் ஓவியம் எடுபட்டதைத் தேடிப் போகிறது.

ஒல்லாந்தர் தோம்பு வரி வாங்க எழுதப்பட்டது. காணி எவருடையது, என்ன பயன் என்பதே அதன் கேள்வி. சனாதனனின் தோம்பில் அதே பதிவேட்டு வடிவம், ஆனால் பதிகிறவர் காணியை விட்டுப் போனவர். முற்றுப்பெறாதது என்ற சொல் அடக்கத்துக்காகச் சேர்த்ததல்ல. தமிழர் வீடுகளோடு வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம்களின் வீடுகளும் அதில் உண்டு. 80 என்பது லட்சக்கணக்கானவற்றில் ஒரு துளி. விமர்சகர்கள் இந்த நூலை ஆவணக்கலை என்று சொல்லி நிறுத்திக்கொள்வது போதாது. போருக்குப் பிந்திய தெருவை வரைவது எப்படி என்ற கேள்விக்கு யாழ்ப்பாணம் தந்த நேரடியான பதில் இதுதான்: கண் மட்டத்தில் நிற்க முடியாவிட்டால் மேலே போய்ப் பார். குண்டுவீச்சு விமானமும் மேலிருந்துதான் பார்த்தது என்பது இந்தக் கோணத்தின் கசப்பான பக்கம்.

தெற்கில் வேறு வழிகள் பிறந்தன. சந்திரகுப்த தேனுவர 1997இல் 'பீப்பாயியம்' என்ற பெயரில், சோதனைச் சாவடித் தகரப் பீப்பாய்களையே கலைப் பொருளாக்கினார். கொழும்புத் தெருவின் காட்சி பீப்பாயாகிவிட்டது என்பது அவர் கிண்டல். பால பொத்துபிட்டிய யாழ்ப்பாண வரைபடத்தையும் கோட்டையையும் எடுத்து, அவற்றின் மேல் விலங்குகளும் ஆயுதங்களும் முளைக்கும்படி வரைந்தார். இருவரும் முக்கியமானவர்கள். ஆயினும் வெளியிலிருந்து பார்க்கிற கண்ணுக்கு யாழ்ப்பாணம் வரைபடமாகத் தெரிவதும், உள்ளே இருந்தவருக்குக் கிணற்றடியாகத் தெரிவதும் ஒன்றல்ல.

இன்னொரு காரணத்தையும் சொல்ல வேண்டும். இது போருக்கு முந்தியது. யாழ்ப்பாணத் தெரு, டெல்ஃப்ட் தெருவைப் போல வீட்டு முகங்களால் ஆனதல்ல. பிரதான வீதி, சுண்டிக்குளி போன்ற பழைய நகரப் பகுதிகளை விட்டால், இது வேலிகளால் ஆன ஊர். ஒழுங்கையின் இரு பக்கமும் கிடுகு வேலி, பனையோலை வேலி, கிளுவை, பூவரசங் கதியால். இடையிடையே படலை. உள்ளே என்ன நடக்கிறது என்பது தெருவுக்குத் தெரியக்கூடாது என்பதற்காகவே நெய்யப்பட்ட தடுப்பு அது. பிறகு மதில் வந்தது. இந்த வேலிக்குள் மானம், காணி, சாதி மூன்றும் சேர்ந்து கட்டப்பட்டிருக்கின்றன. எல்லோரும் எல்லா ஒழுங்கையாலும் போகலாம் என்ற நிலை இங்கே பழையதல்ல. இடம்பெயர்ந்தவர் ஞாபகத்தில் வரையும் வீட்டுப் படங்களை வாசிக்கும்போது, காணியே இல்லாமல் இருந்தவர் எந்தப் படத்தை வரைவார் என்ற கேள்வியும் எழத்தான் வேண்டும்.

ஆகவே இங்கே தெருவை வரைவது என்றால் வேலியை வரைவது. இதைச் சரியாகப் பிடித்தவர்களில் ஒருவர் ஜஸ்மின் நிலானி ஜோசப். 1990இல் பிறந்தவர், போரால் வவுனியாவுக்கு இடம்பெயர்ந்த குடும்பம், யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் நுண்கலை பயின்றவர். அவரது கருவி பேனா. மெல்லிய கோடுகளைப் பொறுமையாக அடுக்கி வேலி, கம்பி, கைவிடப்பட்ட கட்டடம், செடி கொடி என்று வரைகிறார். மனிதர் படத்தில் இல்லை. தாளில் வெள்ளை நிறைய விடப்படுகிறது. கதியால் வேலி முட்கம்பியாகிறது, முட்கம்பி முகாம் எல்லையாகிறது. யாழ்ப்பாணத்தானுக்கு வேலி புதிதல்ல, வேலியை அடைக்கிறவன்தான் மாறிப்போனான். அழுகையோ கோபமோ கோட்டில் தெரியாது. அதுவே சிலருக்குக் குறையாகப் படலாம். இந்தக் கட்டுரையாளருக்கு அது பலமாகவே படுகிறது, ஏனென்றால் போர் ஓவியம் என்றதும் கிழிந்த சேலையும் நீட்டிய கையும் எதிர்பார்க்கும் பழக்கத்தை அந்தக் கோடுகள் மதிக்கவில்லை.

முஸ்லிம்கள் வாழ்ந்த சோனகத் தெரு என்று ஒன்றும் நகரத்துக்குள் இருக்கிறது. 1990 ஒக்டோபர் 30 அன்று, சில மணி நேர அவகாசத்தில், யாழ்ப்பாண முஸ்லிம்கள் விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்டார்கள். அந்த மாதத்தில் வட மாகாணம் முழுவதிலுமிருந்து வெளியேற்றப்பட்டவர்கள் சுமார் 75,000 பேர். சரியாக ஐந்து ஆண்டு கழித்து அதே திகதியில் வலிகாமம் தெருவில் நின்றது. 2002 போர்நிறுத்தத்தின் பின் சிலர் வந்து பார்த்தார்கள். கூரை இல்லை, நிலை இல்லை, கதவு இல்லை, சுவர்களுக்குள் மரம். 2009க்குப் பின் வந்தவர்களும் பலர் முழுமையாகக் குடியேற முடியாமல் புத்தளத்துக்கும் யாழ்ப்பாணத்துக்கும் இடையில் அல்லாடினார்கள். இந்தத் தெருவின் அமைதியை இராணுவத்தின் மேல் மட்டும் சுமத்த முடியாது. யாழ்ப்பாணத்துத் தமிழ் ஓவியர் ஒருவர் இங்கே முக்காலியைப் போட்டு உட்கார்ந்தால், அவர் வரைவது தம் இழப்பை அல்ல, தம் பக்கத்துக் கணக்கை. சனாதனன் தம் தோம்பில் முஸ்லிம் வீடுகளுக்கு இடம் வைத்தது இந்த வகையில் அந்த நூலின் மிக நேர்மையான முடிவு.

போர் முடிந்ததும் தெருவில் நிற்கலாம் என்று ஆனது. 2009க்குப் பின் ஏ9 பாதையால் தெற்கிலிருந்து பஸ் பஸ்ஸாகச் சனம் வந்தது. கோட்டை, நூலகம், இடிந்த வீடு எல்லாவற்றுக்கும் முன்னால் நின்று படம் எடுத்தது. 2014 ஒக்டோபரில் யாழ்தேவி ரயில் மறுபடி யாழ்ப்பாணம் வந்தது. இடையில் அந்தத் தண்டவாளமும் சிலிப்பர் கட்டையும் பங்கர்களுக்குக் கூரையாகப் போயிருந்தன. இந்தக் காலத்தில் இடிபாடு அழகாகத் தொடங்கிவிட்டது. குண்டு துளைத்த சுவரில் மாலை வெயில் விழும் நிழற்படங்கள் கொழும்பு விடுதிச் சுவர்களுக்குப் பொருத்தமாக இருந்தன. ஓவியர்களில் பலர் இந்தச் சந்தையை நோக்கிப் போகவில்லை என்பதை அவர்கள் பக்கம் வரவில் எழுத வேண்டும். ஆனால் அவர்களின் நல்ல படைப்புகள் அதிகம் காணப்பட்டது கொழும்பிலும் கொச்சியிலும் டாக்காவிலும் வான்கூவரிலுந்தான். 2019 டிசம்பரில் கொழும்பில் திறக்கப்பட்ட நவீன, சமகாலக் கலை அருங்காட்சியகத்தின் முதல் கண்காட்சி 'ஒரு நூறாயிரம் சிறு கதைகள்' என்ற பொருள்பட்ட தலைப்பைச் சேரனின் கவிதையிலிருந்து எடுத்துக்கொண்டது. குருநகரிலோ கோண்டாவிலிலோ இருக்கிறவருக்கு அது எட்டு மணி நேரப் பயணம்.

அதே 2019இன் கடைசியில் தீவு முழுக்க இளைஞர்கள் மதில்களில் ஓவியம் வரையும் மோகம் பரவியது. தெற்கில் சில சுவர்களில் போர் வெற்றிக் காட்சிகள் ஏறின. யாழ்ப்பாணத்திலும் பெடியள் வர்ணத்தோடு இறங்கினார்கள்: பண்பாட்டுச் சின்னம், மாட்டுவண்டி, பனை, பழைய அரசர். சித்திரமாக அவற்றில் பெரும்பாலானவை சாதாரணம். ஆனால் பத்து வருடம் முன் அந்த மதிலடியில் ஐந்து நிமிடம் நின்றால் விசாரணை. இப்போது நாள் முழுக்க நின்று வரைகிறார்கள், போகிறவர் வருகிறவர் குறை சொல்கிறார்கள். தெருவில் நின்று வரைவது யாழ்ப்பாணத்தில் மறுபடி தொடங்கியதை அந்தச் சுமாரான மாட்டுவண்டிகளிலும் பார்க்கலாம். அவர்கள் வரையாமல் விட்டதையும் பார்க்க வேண்டும்: தெருவையே தெருவில் வரைந்தால், மதிலுக்குப் பின்னால் பூட்டிக் கிடக்கும் வீட்டையும் வரைய நேரும்.

வலிகாமம் வடக்கில் கதை இன்னும் முடியவில்லை. காங்கேசன்துறை, மயிலிட்டி, பலாலிப் பக்கத்து ஊரவர் 1990இல் வெளியேறியவர்கள். மயிலிட்டித் துறைமுகம் 2017 ஜூலையில் விடப்பட்டது. அங்கங்கே துண்டு துண்டாகக் காணிகள் விடப்பட்டன, இன்னும் விடப்படாதவை இருக்கின்றன. திரும்பிப் போன பலருக்கு வீடு மட்டும் இல்லாமல் போகவில்லை. வேலியும் ஒழுங்கையும் சேர்த்தே உழப்பட்டதால் தங்கள் காணி எங்கே தொடங்குகிறது என்பதே தெரியவில்லை. கிணற்றைக் கண்டுபிடித்தவர்கள் அங்கிருந்து அடி அளந்து எல்லையை ஊகித்தார்கள். மற்றவர்கள் உறுதியைக் கையில் வைத்துக்கொண்டு நில அளவையாளருக்குக் காத்திருந்தார்கள். வார்சோவுக்கு பெல்லொட்டோ இருந்தார். மயிலிட்டி ஒழுங்கைக்கு அப்படி எவரும் இருக்கவில்லை. மேலிருந்து பார்த்துக் கிணற்றை முதலில் குறிக்கும் அந்தக் கைக்கோட்டு நிலப்படம், ஓவியக்கூடத்துக்கு வெளியே, நிலத்தில் நின்று கயிறு பிடிக்கிறவர்களுக்கும் உதவக்கூடிய சான்றாக இருப்பது இங்கேதான் தெரிகிறது.

இனி வரைய வேண்டியவர்கள் யாழ்ப்பாணப் பல்கலைக்கழக நுண்கலைத் துறைக்கு இப்போது புதிதாக வருகிற பிள்ளைகள். 2009இல் அவர்களுக்கு நாலு, ஐந்து வயது. இடப்பெயர்வைப் பெற்றோர் வாயால் கேட்டவர்கள். அவர்கள் கண்ணால் கண்ட தெருவில் காபற் றோட்டு, கண்ணாடி முகப்புக் கடைகள், திருமண மண்டபம், அறிவிப்புப் பலகை, சந்தியில் நிற்கும் ஓட்டோ, அதன் நடுவில் கனடாக்காரரின் பூட்டிய வீடு எல்லாம் இருக்கின்றன. நிலப்படத்தையும் வேலியையும் முந்திய தலைமுறை நன்றாகவே செய்துவிட்டது. அதையே திரும்பச் செய்யும் பட்டதாரிப் படைப்புகள் சிலவற்றில் களைப்புத் தெரியத் தொடங்கிவிட்டது. இப்போது முக்காலி போட இடமுண்டு, எதிரே உள்ளதைப் பார்க்க அனுமதியும் ஓரளவுக்கு உண்டு. கே.கே.எஸ். வீதியில் மருதனார்மடத்திலிருந்து வடக்கே போகப் போகச் சத்தம் குறைந்துகொண்டு போகும். அங்கே எந்த இடத்தில் முக்காலியைப் போடுவது என்பது இனி அவர்கள் தீர்மானிக்க வேண்டியது.